கண்ணுக்குத் தெரியாத கடைசி வரி

பலெர்மோ நகரின் மத்திய புகையிரத நிலையமாகிய ஸ்தாசியோனே சென்ட்ராலே 1886ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இருப்புப்பாதைகள் யாவும் அங்கே முடிந்துவிடுகின்றன. உரோமிலிருந்து புறப்படும் தொலைதூர வண்டி, மெசினா நீரிணையில் பெட்டிகளோடு கப்பலில் ஏற்றப்பட்டு, இக்கரையில் இறக்கப்பட்டு, இங்கு வந்தே ஓய்கின்றது. எம்மவரில் பலர் இந்நகருக்குள் முதன்முதலாகக் காலடி வைத்தது இந்நிலையத்தின் வழியாகத்தான். ஜூலியோ சேசரே சதுக்கத்தில் ஒற்றைப் பையுடன் நின்று, கடதாசித் துண்டில் எழுதிவைத்த தொலைபேசி இலக்கத்தை யாரிடம் காட்டுவது எனத் தயங்கியவர்கள் இன்று பேரப்பிள்ளைகளைப் பாடசாலைக்கு அழைத்துச் செல்கின்றார்கள்.

அந்தத் தயக்கத்தை நம்பியே நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் தொலைபேசிக் கடைகள் முளைத்தன. பின்னர் அவற்றுள் கணனிகள் வந்தன. 2005 ஜூலையில் லண்டனில் குண்டுகள் வெடித்ததை அடுத்து, அம்மாதம் 27ஆம் திகதி இத்தாலிய அரசாங்கம் 144ஆம் இலக்க அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. அன்றைய உள்துறை அமைச்சர் பிசானுவின் பெயரால் அறியப்பட்ட அச்சட்டத்தின்படி, குவெஸ்தூராவின் அனுமதிப்பத்திரம் இன்றி எவரும் இத்தகைய கடையை நடத்தலாகாது. கணனியின் முன் அமர வரும் ஒவ்வொருவரிடமும் அடையாளப் பத்திரத்தை வாங்கி, விபரங்களைப் பதிந்த பின்னரே இருக்கையைக் கொடுக்கலாம். சொஜோர்னோ கையில் இல்லாதவர் தமது சட்டத்தரணி அனுப்பிய மின்னஞ்சலைத் திறப்பதற்கும் இன்னொருவரின் தயவை நாட வேண்டியிருந்தது. 2010 டிசெம்பரில் பிறந்த மற்றோர் அவசரச் சட்டமும், அதனை உறுதிப்படுத்தி 2011 பெப்ரவரியில் நிறைவேறிய சட்டமும் அந்த அடையாளப் பதிவை நீக்கின. கடைவாசலில் கொப்பியுடன் அமர்ந்திருந்த மனிதர் எழுந்துவிட்டார். ஆயின் யார் எங்கே போகலாம் என்று தீர்மானிக்கும் வேலை மறைந்துவிடவில்லை. அது கடையின் பின்புறச் சுவரில், தூசு படிந்த ஓர் இரும்புப் பெட்டிக்குள் இடம் மாறியிருக்கின்றது. அந்தப் பெட்டியைப் பற்றியதே இக்கட்டுரை.

நிலையத்திலிருந்து சில நிமிட நடைதூரத்தில் எமது நண்பர் ஒருவர் கடை வைத்திருக்கின்றார். அரிசி, மிளகாய்த்தூள், பணம் அனுப்பும் சேவை, பிரதி எடுத்தல், ஸ்கேன் செய்தல், இலவச வைஃபை என எல்லாமே அங்கு உண்டு. சென்ற குளிர்காலத்தில் ஒரு மாலை, தேநீர் ஆறும்வரை கைத்தொலைபேசியைத் துழாவிக்கொண்டிருந்தேன். அதிலிருந்த கோப்புச் செயலி, அயலிலுள்ள கணனிகளைத் தானே தேடிக் காட்டிற்று. அவற்றுள் ஒன்றில் 'ஸ்கேன்' என்ற பெயருடன் ஒரு கோப்புறை கிடந்தது. தொட்டேன், திறந்துகொண்டது. கடவுச்சொல் கேட்கவில்லை.

உள்ளே இருந்தவை தஞ்சம் கோரியோரின் பத்திரங்கள். கடவுச்சீட்டின் முதற்பக்கம், தஞ்ச விண்ணப்பமாகிய சி3 படிவம், விசாரணையின்போது பதியப்பட்ட வாக்குமூலம். கோப்புகளின் பெயர்களிலேயே மனிதர்களின் பெயர்கள் இருந்தன. ஒருவரது வாக்குமூலத்தில் என்ன இருக்கும் என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எந்த ஊரில், எவர் வீட்டில் ஒளிந்திருந்தார், யார் பணம் கொடுத்தார், இன்னும் அங்கே இருக்கும் உறவினர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். எதனையும் வாசிக்காமல் மூடிவிட்டு நண்பரை அழைத்தேன்.

"சேர், நான் ஒருத்தருக்கும் காட்டேல்லை. அது உள்ளுக்கை இருக்கிற மெசின்தானே," என்றார் அவர், முகம் வெளிறியவராய்.

உள்ளே, வெளியே என்ற பிரிவு அவரது மனதில் இருந்தது. பெட்டிக்கு அது தெரியாது. தெருவிலே போகும் ஒருவர் படியேறி வந்து வைஃபை கடவுச்சொல்லைக் கேட்டுப் பெற்றால் அவரும் 'உள்ளே'தான். பிறரது தனிப்பட்ட தரவுகளைக் கையாள்பவர் அவற்றைக் காக்கும் பொறுப்பையும் ஏற்கவேண்டும் என 2018 மே 25 முதல் ஐரோப்பிய ஒன்றியம் எங்கும் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி கூறுகின்றது. பிரதி எடுக்கும் மேசைக்கும் அது பொருந்தும்.

அந்தக் கோப்புறையை அன்றிரவே அப்புறப்படுத்தினோம். ஆனால் நாளையும் ஸ்கேன் செய்ய ஆட்கள் வருவார்கள். நிலையான ஏற்பாடு ஒன்று வேண்டும். நண்பரின் மருமகன், பலெர்மோவிலேயே பிறந்து வளர்ந்தவர், கணனி வலையமைப்புத் துறையில் பயிலும் இளைஞர். அவர் ஒரு சனிக்கிழமை மடிக்கணனியுடன் வந்தார். ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்தில் அளவையியல் கற்பித்தவன் என்ற ஒரே தகுதியில் நானும் அருகே அமர்ந்தேன்.

கடையில் இருந்தது, பழைய பொருளாக வாங்கிய 24 வாயில்கள் கொண்ட ஒரு சிஸ்கோ சுவிட்ச். கணனி, பணம் அனுப்பும் இயந்திரம், பிரதி இயந்திரம், கண்காணிப்புக் கமராக்களின் பதிவுப் பெட்டி, வைஃபை கருவி ஆகிய எல்லாவற்றின் கேபிள்களும் அதில் வந்து சேர்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் தரவு, பொதி பொதியாக அதனூடே கடந்து செல்கின்றது. ஒவ்வொரு பொதியின் மேலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்ற இலக்கம் ஆகியன எழுதப்பட்டிருக்கும். முகவரி என்பது 192.168.20.15 என்பதுபோல நான்கு எண்களால் ஆனது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். கதவு இலக்கங்களுள் 443 பாதுகாப்பான இணையத்தளங்களுக்கு உரியது. 53 பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் சேவைக்கு உரியது. 445 பகிரப்பட்ட கோப்புறைகளுக்கு உரியது. என் தொலைபேசி தட்டியது அந்த 445ஆம் கதவைத்தான்.

இப்பொதிகளை மறித்துக் கேட்பதற்காகச் சுவிட்சில் எழுதப்படும் வரிகளின் தொகுப்பே 'அக்செஸ் கொன்ட்ரோல் லிஸ்ட்' எனப்படும் அனுமதிப் பட்டியல். ஒவ்வொரு வரியும் இரண்டிலொரு சொல்லில் தொடங்கும். 'பெர்மிட்' என்றால் விடு. 'டினை' என்றால் மறு. அதன்பின் எங்கிருந்து, எங்கே, எந்தக் கதவுக்கு என்பன வரும். பொதி வந்ததும் சுவிட்ச் மேலிருந்து கீழாக வரிகளுடன் அதனை ஒப்பிடும். முதன்முதல் எந்த வரி பொருந்துகின்றதோ அதுவே தீர்ப்பு. அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் அந்தப் பொதியைப் பொறுத்தவரை அது இல்லாததே. எந்த வரியும் பொருந்தாவிடின்? பட்டியலின் முடிவில், எவரும் எழுதாத, திரையிலும் தெரியாத ஒரு வரி இருக்கின்றது. 'யாவற்றையும் மறு' என்பது அது.

நான் கற்பித்த அளவையியலில் எடுகூற்றுகளை எந்த ஒழுங்கில் வைத்தாலும் முடிவு மாறாது. "எல்லா மனிதரும் இறப்பவர்" என்பதை முதலில் சொன்னாலென்ன, இரண்டாவதாகச் சொன்னாலென்ன, சோக்கிரதீசருக்குத் தப்ப வழியில்லை. இங்கே ஒழுங்குதான் எல்லாம். இதனை உணர எனக்கே சற்று நேரம் எடுத்தது.

இளைஞரின் முதல் முயற்சி பலிக்கவில்லை. 445ஆம் கதவை மறுக்கும் வரியை எழுதி, பட்டியலைப் பூட்டினார். எனது தொலைபேசியில் கோப்புறை முன்போலவே திறந்தது. காரணம் எளியது. எமது தொலைபேசிகளும் கடைக் கணனியும் ஒரே அறைக்குள் இருப்பன போல ஒரே வலையமைப்பில் இருந்தன. அவர் பட்டியலைப் பொருத்தியதோ அறையின் வாசலில். வாசலைக் கடந்து வெளியே செல்பவரைத்தான் வாசற்காவலர் மறிப்பார். அறைக்குள் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போகின்றவர் அவர் கண்ணிற் படமாட்டார்.

ஆகவே முதலில் அறைகளைப் பிரிக்க வேண்டும். ஒரே சுவிட்சின் வாயில்களைப் பல தனி வலையமைப்புகளாகப் பிரிக்கும் முறைக்கு வீலான் என்று பெயர். கடையின் கணனிக்கும் பிரதி இயந்திரத்துக்கும் பணம் அனுப்பும் இயந்திரத்துக்கும் 10ஆம் வீலான், 192.168.10 எனத் தொடங்கும் முகவரிகள். வைஃபையில் வருவோருக்கு 20ஆம் வீலான். கமராக்களுக்கு 30ஆம் வீலான். இப்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் பொதி வாசலைக் கடந்தே தீரவேண்டும். 20ஆம் அறைக்குள்ளேயே ஒரு விருந்தினரின் தொலைபேசியை இன்னொருவர் நோண்டாதிருக்க, வைஃபை கருவியில் 'ஐசொலேசன்' எனும் தனிமைப்படுத்தும் வசதியையும் இயக்க வேண்டியிருந்தது. அதனைப் பட்டியலாற் செய்ய முடியாது. வீடுகளில் விருந்தினர் வைஃபை வைத்திருப்போர் அவ்வசதி இயங்குகின்றதா என்று ஒருமுறை பார்த்துவைப்பது நல்லது.

இந்த இடத்தில் எனது அறியாமையும் பதிவாகட்டும். 20ஆம் அறை முழுவதையும் ஒரே வரியிற் குறிப்பதற்கு, முகவரியுடன் ஒரு முகமூடி எண்ணையும் எழுதவேண்டும். சாதாரணமாக வலையமைப்புக் கணக்கில் அது 255.255.255.0. அதையே எழுது தம்பி என்றேன். அவர் சிரித்தார். பட்டியலில் அது தலைகீழாக, 0.0.0.255 என வரவேண்டுமாம். இங்கு 0 என்றால் 'கவனித்துப் பார்', 255 என்றால் 'எதுவானாலும் சரி'. நான் சொன்னபடி எழுதியிருந்தால், முதல் மூன்று எண்களையும் பாராமல் விட்டு, கடைசி எண் 0 ஆக உள்ள முகவரிகளை மட்டுமே அந்த வரி பிடித்திருக்கும். எமது அறையில் எவருக்கும் அப்படியொரு முகவரி இல்லை. தவறென்று சுவிட்ச் கூறியிருக்காது. வரி பட்டியலில் அழகாக நின்றிருக்கும், எவரையும் தொட்டிருக்காது.

இரண்டாவது முயற்சியில், வந்தவர்கள் இணையமின்றிக் காத்திருக்கிறார்களே என்ற அவசரத்தில், இளைஞர் முதலில் 'எல்லாவற்றையும் விடு' என்றெழுதினார். எல்லோருக்கும் இணையம் வந்தது. பிறகு அதன் கீழே, '20ஆம் அறையிலிருந்து 10ஆம் அறைக்குப் போவதை மறு' என்று சேர்த்தார். வாசகர்கள் இதற்குள் பிழையைக் கண்டிருப்பீர்கள். எல்லாவற்றையும் விடும் வரி மேலே இருக்கையில் கீழேயுள்ள மறுப்பை எந்தப் பொதியும் எட்டுவதில்லை. ஒரு கிராமத்தில் எல்லோரையும் போகச் சொல்லிவிட்ட பிறகு, தெருமுனையில் நின்று ஒருவரை மறிக்க முயல்வது போன்றது.

திருத்துவதற்கு நல்ல வழியொன்று உண்டு. இப்பட்டியலின் வரிகளுக்கு 10, 20, 30 என இடைவெளி விட்டு இலக்கம் இடப்படும். 5 என்று இலக்கமிட்டு ஒரு வரியை எழுதினால் அது 10க்கு முன்னே போய் அமரும். இளைஞருக்கு அது அந்நேரம் நினைவில் வரவில்லை. பட்டியலை முழுதாக அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். அதுவும் எங்கிருந்து? தானும் அதே வைஃபையில், 20ஆம் அறையிலிருந்து சுவிட்சுக்குள் நுழைந்திருந்தபடியே.

பட்டியல் அழிக்கப்பட்ட கணத்தில், சிஸ்கோ கருவிகளின் வழக்கப்படி, வாசலில் தடை ஏதும் இல்லாது போயிற்று. பொருத்திய பெயரில் பட்டியல் இல்லையென்றால் எல்லாமே செல்லும். அவர் முதல் வரியை, 53ஆம் கதவுக்கு அனுமதி என்பதை, எழுதி முடித்தார். அந்தக் கணமே பட்டியல் உயிர்பெற்றது. கூடவே கண்ணுக்குத் தெரியாத கடைசி வரியும் உயிர்பெற்றது. பெயர் கேட்கலாம், வேறெதுவும் செய்ய முடியாது. சுவிட்சுடன் அவர் பேசிக்கொண்டிருந்த இணைப்பும் 'வேறெதுவும்' என்பதற்குள் அடங்கும். திரை உறைந்தது.

"நான் ஒண்டும் பிழையா எழுதேல்லை சேர். முதல் வரியைத்தான் எழுதினனான்," என்றார்.

கடையில் அப்போது ஆறேழு பேர் இருந்தனர். ஊரிலே தகப்பனாரின் அந்தியேட்டிக் கிரியையைக் காணொளியிற் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, படம் நின்றுபோன தொலைபேசியை இரு கைகளிலும் ஏந்தியபடி எங்களைத் திரும்பிப் பார்த்தார். எவரும் எதுவும் கேட்கவில்லை. நேரே சுவிட்சுடன் இணைக்கும் நீலநிறக் கேபிள் இளைஞரின் வீட்டில் இருந்தது. போய்வர அரை மணித்தியாலம் ஆகும்.

அப்போது கடைக்காரர், எவரிடமும் கேட்காமல், பின்புறம் சென்று சுவிட்சின் மின்செருகியைப் பிடுங்கி மீண்டும் செருகினார். சில நிமிடங்களில் பெட்டி விழித்து எழுந்தது. சேமித்துவைத்திருந்த பழைய பட்டியலோடு எழுந்தது. புதிய வரி சேமிக்கப்படாததால் அது இருந்த இடம் தெரியாமல் போயிற்று. பெண்மணியின் தொலைபேசியில் படம் திரும்பியது. பிண்டம் கரைத்து முடிந்திருந்தது.

இந்தத் துறையில் அனுபவமுள்ளோர், தொலைவிலிருந்து பட்டியலில் கை வைக்குமுன் 'இன்னும் பத்து நிமிடத்தில் நீயாகவே மறுபடி தொடங்கு' என்று சுவிட்சுக்குக் கட்டளை கொடுத்துவிடுவார்கள். தாமே வெளியே பூட்டப்பட்டால், பத்து நிமிடத்தில் பெட்டி பழைய நிலைக்குத் திரும்பும். எல்லாம் சரியாக அமைந்தால் அக்கட்டளையை இரத்துச் செய்து, அதன்பின் சேமிப்பார்கள். புதிய பட்டியலை வேறொரு பெயரில் முழுமையாக எழுதி முடித்துவிட்டு, கடைசியில் பழையதன் இடத்தில் பொருத்துவது அதனினும் நன்று. இடைவெளியில் வாசல் முற்றாகத் திறந்தும் கிடக்காது, முற்றாக மூடியும் கிடக்காது. சுவிட்சின் கட்டளைப் பகுதிக்குள் நுழையும் உரிமையையும் தனியொரு சிறு பட்டியலால் கடைக் கணனி ஒன்றுக்கு மட்டும் வரையறுத்தோம். விருந்தினர் வைஃபையிலிருந்து அங்கே போக முடிந்திருந்ததே முதற் குற்றம்.

அடுத்த கிழமை இளைஞர் மூன்றாவது பட்டியலுடன் வந்தார். முன்னைய அவமானத்தின் பின் அவர் கண்டிப்பானவராக மாறியிருந்தார். 53, 80, 443 ஆகிய மூன்று கதவுகள் மட்டும் திறந்திருக்கும், மற்றவை யாவும் மறுக்கப்படும். காலையில் பொருத்தினார். மதியம்வரை ஒருவரும் முறையிடவில்லை. பிறகு ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. காலையிலிருந்தே கடையில் இருந்தவர்களுக்கு இணையம் வேலை செய்தது. மதியத்தின் பின் நிலையத்தில் இறங்கி வந்தவர்களுக்கு வேலை செய்யவில்லை. தொலைபேசி வைஃபையைப் பிடிக்கின்றது, ஆனால் முகவரி கிடைக்கவில்லை.

புதிதாக வரும் ஒவ்வொரு கருவியும் 'எனக்கொரு முகவரி தா' என்று கேட்கவேண்டும். அந்தக் கோரிக்கை 67ஆம் கதவுக்குச் செல்கின்றது. கேட்பவருக்கு இன்னும் முகவரி இல்லையாதலால் அனுப்புநர் இடத்தில் 0.0.0.0 என்று இருக்கும். அப்படியொரு அனுப்புநரை எங்கள் பட்டியலின் எந்த வரியும் அறியாது. கடைசி வரி அவரை மறுத்துவிட்டது. முன்னரே முகவரி பெற்றவர்களுக்கு அதன் தவணை முடியும்வரை குறையொன்றுமில்லை. முகவரி இல்லாதவர் முகவரி கேட்பதற்கே முகவரி கேட்கும் அலுவலகங்களை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். இளைஞர் விளக்கி முடித்தபோது கடைக்காரர் சிரித்த சிரிப்பின் பொருள் அவருக்கு விளங்கவில்லை. அவர் இங்கே பிறந்தவர்.

67ஆம் கதவுக்கு ஒரு வரி சேர்ந்தது. அதன்பின் குரலழைப்புகளைப் பற்றிய முறைப்பாடு எழுந்தது. எழுத்துச் செய்தி போகின்றது, குரல் விட்டுவிட்டு வருகின்றது. குரலும் காணொளியும் பெரும்பாலும் யு.டி.பி எனும் விரைவு முறையில் பயணிப்பன. அவ்வழி மூடப்பட்டால் செயலிகள் 443ஆம் கதவால் சுற்றிச் செல்ல முயலும், அதனால் குரல் தடுமாறும். இங்கு வருபவர்களில் பெரும்பாலோர் வருவதே ஊருக்குப் பேசத்தான். கண்டிப்பான பட்டியலை விட்டு, '10, 30ஆம் அறைகளுக்குப் போகாதே, வெளியே எங்கும் போ' என்ற முறைக்குத் திரும்பினோம். பாதுகாப்புத் துறையினர் இதனை ஏற்கமாட்டார்கள். அவர்களது வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் ஒரு பட்டியல் எதற்காக எழுதப்படுகின்றது என்பதை, அதன் வாசலில் நிற்பவர்களைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் எண்ணம். நாங்கள் காக்க விரும்பியது அந்த ஸ்கேன் மேசையை.

இன்னொரு துவாரத்தையும் சொல்லிவிட வேண்டும். நான்கு எண்களாலான முகவரிகளுக்கு எழுதிய பட்டியல், ஐ.பி. ஆறாம் பதிப்பின் நீண்ட முகவரிகளில் வரும் பொதிகளைக் கட்டுப்படுத்தாது. அவற்றுக்குத் தனிப் பட்டியல் எழுதவேண்டும். முன்வாசலை இழுத்துப் பூட்டிவிட்டுப் பின்வாசல் இருப்பதையே மறந்துபோகும் வீடுகள் ஏராளம்.

பட்டியலும் சுவிட்சும் எங்கள் கடைக்குள் இருந்தன. எழுதியவரும் அங்கேயே இருந்தார். தவறினால் முகத்தைப் பார்த்துக் கேட்க முடிந்தது. நாட்டளவில் எழுதப்படும் பட்டியல்களில் அந்த வசதி இல்லை. உதைபந்தாட்ட ஒளிபரப்புகளைத் திருட்டுத்தனமாக மறு ஒளிபரப்புச் செய்யும் தளங்களைத் தடுப்பதற்காக, 2023ஆம் ஆண்டின் 93ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இத்தாலி 'பைரசி ஷீல்ட்' என்ற ஏற்பாட்டை அமைத்தது. உரிமையாளர் முறையிட்டதும் 30 நிமிடத்துக்குள் இணையச் சேவை நிறுவனங்கள் அந்த முகவரியைத் தடைசெய்ய வேண்டும். அது இயங்கத் தொடங்கிய 2024 பெப்ரவரியிலேயே கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் முகவரியொன்று பட்டியலில் ஏறியது. அத்தகைய ஒரு முகவரியின் பின்னால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத எண்ணற்ற தளங்கள் இருக்கும். தடுக்கும் வரிக்குத் தெரிவது முகவரி மட்டுமே. அவ்வாண்டு ஒக்டோபர் 19ஆம் திகதி கூகிள் டிரைவ் கோப்புகளை வழங்கும் தளப்பெயரும் அதே பட்டியலில் ஏறியது. இத்தாலி எங்கும் பலர் தமது சொந்தக் கோப்புகளை மணிக்கணக்கில் இறக்கமுடியாது நின்றனர். சொஜோர்னோ பிரதியை அங்கே சேமித்துவைத்திருக்கும் எம்மவரும் இந்நாட்டில் பலர் உளர்.

கொழும்பிலும் அப்பட்டியல்கள் எழுதப்பட்டன. 2007 ஜூனில் தமிழ்நெட் இணையத்தளம் இலங்கைக்குள் தடைசெய்யப்பட்டது. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் சமூக வலைத்தளங்கள் மறிக்கப்பட்டன. கருவியும் முறையும் வேறுபடலாம். இன்ன முகவரி, இன்ன பெயர், மறு என்பதே எல்லாவற்றினதும் அடிப்படை. மறுக்கப்பட்டவருக்குக் காரணம் காட்டப்படுவதில்லை. திரை சுழன்றுகொண்டேயிருக்கும். தமது தொலைபேசி பழுதாகிவிட்டது என்றே பலரும் முதலில் நினைப்பார்கள். எங்கள் கடையிலும் அப்படித்தான் நினைத்தார்கள்.

சுவிட்ச் அந்த மறுப்பைத் தன்னளவிலும் குறித்துவைப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத கடைசி வரி எவரையெல்லாம் திருப்பியனுப்பியது என்பதற்குக் கணக்கு இல்லை. கணக்கு வேண்டுமென்றால் அதே வரியை நாமே கையால் எழுதி, முடிவில் 'லொக்' என்ற சொல்லைச் சேர்க்கவேண்டும். அதன்பின் ஒவ்வொரு வரியும் எத்தனை தடவை பொருந்தியது என்பதையும், யார் எங்கே போக முயன்று மறுக்கப்பட்டார் என்பதையும் திரையிற் பார்க்கலாம். தீர்ப்பு அதேதான். ஆனால் அது இப்போது எழுதப்பட்ட தீர்ப்பு. மூன்று அறைகளின் பட்டியல்களிலும் அவ்வாறே செய்தோம்.

ஒரு வாரத்தின் பின் இளைஞர் அந்தக் குறிப்பைத் திறந்தார். நாங்கள் அஞ்சிய விருந்தினர் எவரையும் அதில் காணவில்லை. இடைவிடாது மறுக்கப்பட்டுக்கொண்டிருந்தது 30ஆம் அறையிலிருந்த கமராப் பதிவுப் பெட்டி. மலிவாக வாங்கிய அப்பெட்டி, கடைக்காரர் ஒருபோதும் கேள்விப்பட்டிராத, கடல்கடந்த ஒரு முகவரியோடு பேசுவதற்கு இரவும் பகலும் முயன்றுகொண்டிருந்தது. கமராக்களின் அறைக்கு வெளியுலகம் தேவையில்லை என்று நாங்கள் விட்டிருந்ததால் கடைசி வரி அதனைப் பிடித்தது.

"அது எங்கை போகப் பாக்குது?" என்று கடைக்காரர் கேட்டார்.

"தெரியாது மாமா. போகவிடாமல் வைச்சிருக்கிறன்."

"அப்பிடியே இருக்கட்டும்."

ஒவ்வொரு வரிக்கும் மேலே, அது ஏன் எழுதப்பட்டது என்று குறிப்பெழுத இடமுண்டு. சுவிட்ச் தமிழெழுத்தை ஏற்காது. ஆகவே இளைஞர் ஆங்கில எழுத்துகளில் தமிழையே எழுதினார். 445ஆம் கதவை மறுக்கும் வரியின் மேலே 'ஸ்கேன் மேசை, ஆக்களின்ரை பேப்பர்' என்று இருக்கின்றது. 67ஆம் கதவுக்கான வரியின் மேலே 'புதுசா வாறாக்கள்' என்று இருக்கின்றது. முழுப் பட்டியலையும் பிரதி எடுத்து, திகதியிட்டு, சுவிட்சின் அருகே சுவரில் ஒட்டினார்கள். நீலக் கேபிளும் இப்போது அங்கேயே ஓர் ஆணியில் தொங்குகின்றது.